சோலார், காற்று, பேட்டரி கலந்த மின்சாரம்: எந்த மென்பொருளில் கணக்குப் போடுவது? – கடலூர், புதுச்சேரிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சில ஆண்டுகளுக்கு முன்பு வரை கடலூர் சிப்காட்டிலும் புதுச்சேரி தொழிற்பேட்டைகளிலும் பேச்செல்லாம் கூரை சோலார் பற்றித்தான் இருந்தது. இப்போது "கொஞ்சம் சோலார், தெற்கே ஒரு காற்றாலையில் பங்கு, கூடவே ஒரு பேட்டரி" என்கிறார்கள். ஒரே வகை என்றால் கணக்கு எளிது. கலந்துவிட்டால் எது எப்போது வரும், எது வராது என்று பார்க்க வேண்டியிருக்கிறது, அதற்கு மென்பொருள் தேவைப்படுகிறது. ஆலை மேலாளர்கள், இறால் பண்ணைக்காரர்கள், பொறியியல் மாணவர்கள் என்று பலரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை.

முதலில் எந்த மென்பொருளை வாங்கலாம்?

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். உங்கள் கேள்வி என்ன என்று ஒரு வரியில் எழுதுங்கள். அந்த வரியைப் பார்த்தாலே எந்த மென்பொருள் தேவை என்று பாதி தெரிந்துவிடும்.

"கூரையில் 400 கிலோவாட் சோலார் போடப்போகிறேன், ஆண்டுக்கு எத்தனை யூனிட் வரும் என்று வங்கி அறிக்கை கேட்கிறது" என்றால் பி.வி.சிஸ்ட். "டீசல் ஜெனரேட்டர் ஓடும் நேரத்தைக் குறைக்க எவ்வளவு சோலார், எவ்வளவு பேட்டரி வேண்டும்?" என்றால் ஹோமர். "தென்காசிப் பக்கம் காற்றாலையில் பங்கு வாங்கி மின்சாரத்தை சிப்காட் ஆலைக்குக் கொண்டுவருகிறேன், மிச்சத்துக்குக் கூரை சோலார், எந்த விகிதம் சரி?" என்றால் அந்த இரண்டும் உதவாது. அதற்குப் பைப்சா போன்ற ஒரு கருவியோ, நீங்களே கட்டிய எக்செல் தாளோ வேண்டும். இந்த மூன்றாவது கேள்வி உள்ளவர்களில் பலர் முதல் கேள்விக்கான மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கிவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

மாதவாரி சராசரியை வைத்துக் கணக்குப் போட்டால் போதாதா?

நம் ஊருக்குப் போதவே போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு மூலத்துக்கும் ஒரு பருவம் உண்டு. சோலார் மார்ச், ஏப்ரலில் நன்றாக வரும். காற்று மே முதல் செப்டம்பர் வரை. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்கள் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பாயும் காலம் அது. கரும்புச் சக்கையை எரித்து எடுக்கும் மின்சாரம், நெல்லிக்குப்பம் மாதிரி சர்க்கரை ஆலைகளில் அரவை நடக்கும் மாதங்களில் கிடைக்கும். ஆண்டு முழுவதையும் மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்று இல்லாதபோது இன்னொன்று கைகொடுப்பது போலத் தெரியும்.

ஆனால் ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று சொல்லும் ஊர் இது. வடகிழக்குப் பருவமழை வரும்போது தெற்கே காற்றாலைகள் ஓய்ந்திருக்கும். இங்கே வானம் மூடியிருக்கும். அரவையும் முழு வேகத்துக்கு வந்திருக்காது. மூன்றும் ஒரே நேரத்தில் கைவிடும் வாரங்கள் இந்தக் கடற்கரையில் நவம்பர், டிசம்பரில்தான் வருகின்றன. மாதச் சராசரி எடுத்தால் நவம்பரின் பத்து வெயில் நாட்களும் ஐந்து இருட்டு நாட்களும் கலந்து, "பரவாயில்லை" என்ற ஓர் எண் கிடைக்கும். அந்த எண்ணை நம்பி நீங்கள் வாங்கும் பேட்டரி, இருட்டான இரண்டாவது நாளே காலியாகிவிடும்.

ஓர் உதாரணம். ஆலைக்கு இரவு பகலாக 300 கிலோவாட் லோட், உங்களிடம் 500 யூனிட் பேட்டரி. மூன்று நாள் மூடாப்புக்குத் தேவை 21,600 யூனிட். பேட்டரி தாங்குவது 1 மணி 40 நிமிடம். இதைப் பேட்டரியைப் பெரிதாக்கிச் சமாளிக்க முடியாது. அந்த வாரத்துக்கு இ.பி. இணைப்பையோ ஜெனரேட்டரையோதான் நம்ப வேண்டும். பேட்டரியின் வேலை மாலை உச்ச நேரத்தைச் சமாளிப்பது. இந்த வேறுபாட்டைக் காட்டாத எந்த மென்பொருளும் கலவைக் கணக்குக்கு உதவாது.

எனவே ஒரு மென்பொருளைச் சோதிக்கும்போது அது வரையும் வண்ணப் படங்களை விட்டுவிட்டு, நவம்பரில் ஒரு மோசமான வாரத்தை மணிக்கு மணி காட்டச் சொல்லுங்கள். காட்டினால் மேலே பேசலாம்.

வெயில், காற்று டேட்டா எங்கே கிடைக்கும்?

இலவசமாகவே நிறைய உண்டு. ஐரோப்பிய ஆணையத்தின் பி.வி.ஜி.ஐ.எஸ்., நாசாவின் பவர், உலக வங்கி ஆதரவுடன் வந்த குளோபல் சோலார் அட்லஸ், குளோபல் விண்ட் அட்லஸ், ஐரோப்பிய வானிலை மையத்தின் எரா-5, ரினியூவபிள்ஸ் நிஞ்ஜா ஆகியவற்றை நான் பயன்படுத்துகிறேன். சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் காற்றாற்றல் நிறுவனமும் காற்று, சூரிய ஒளி இரண்டுக்கும் வரைபடங்கள் வெளியிட்டிருக்கிறது.

இதில் சறுக்கும் இடங்கள் மூன்று.

முதலாவது, ஆண்டு பொருந்த வேண்டும். சோலார் மென்பொருள்கள் பெரும்பாலும் "வழக்கமான ஆண்டு" என்று ஒன்றைக் கேட்கும். அது உண்மையில் நடந்த ஆண்டு இல்லை. ஜனவரியை ஓர் ஆண்டிலிருந்தும் பிப்ரவரியை இன்னோர் ஆண்டிலிருந்தும் எடுத்து ஒட்டியது. சோலார் மட்டும் என்றால் சரி. ஆனால் அதன் பக்கத்தில் 2019-ஆம் ஆண்டின் காற்று டேட்டாவை வைத்தால், வெயிலும் காற்றும் ஒன்றோடொன்று கொண்ட தொடர்பு அறுந்துவிடும். கலவைக் கணக்கின் உயிரே அந்தத் தொடர்புதான். இரண்டையும் ஒரே ஆண்டிலிருந்து எடுங்கள். ஐந்து, பத்து ஆண்டுகள் ஓட்டிப் பார்த்தால் இன்னும் நல்லது.

இரண்டாவது, நேரம். எரா-5, பி.வி.ஜி.ஐ.எஸ். எல்லாம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். நான் தொடங்கிய காலத்தில் இதைத் திருத்தாமல் ஓர் அறிக்கையை முடித்துவிட்டேன். சோலார் உச்சம் காலை ஏழு மணிக்குள் வந்து நின்றது. காலை உச்ச நேரக் கட்டணமெல்லாம் மிச்சமாவது போலக் கணக்கு காட்டியது. வாடிக்கையாளரிடம் கொடுப்பதற்கு முந்தைய நாள்தான் கவனித்தேன், முழுவதையும் திரும்பப் போட்டேன். அந்த அரை மணி இன்னும் தொல்லை: மணிக்கணக்கு டேட்டாவை ஐந்தரை மணி நகர்த்த முடியாது, முதலில் அரைமணியாகவோ கால்மணியாகவோ பிரித்துத்தான் நகர்த்த வேண்டும்.

மூன்றாவது, கணவாய்க் காற்று. எரா-5 ஒரு கட்டத்துக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலம். ஆரல்வாய்மொழி மாதிரி குறுகிய கணவாயின் வேகம் அதில் தெரியாது. காற்றாலையின் மின்சாரம் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும் என்பதால் சின்னத் தவறுகூடப் பெரிதாகும். 250 மீட்டர் நுணுக்கம் கொண்ட குளோபல் விண்ட் அட்லஸின் சராசரியைப் பார்த்து, எரா-5-இன் மணிக்கணக்கு வடிவத்தை அந்த அளவுக்கு ஏற்றிக்கொள்வது நடைமுறை. பங்கு வாங்கப்போகும் காற்றாலையின் பழைய உற்பத்திக் கணக்கு கிடைத்தால் அதுதான் எல்லாவற்றையும்விட நல்ல டேட்டா. கேட்டு வாங்குங்கள்.

கடலூரிலேயே காற்றாலை போட முடியாதா?

கடற்காற்று வீசுகிறதே என்று பலர் கேட்கிறார்கள். மாலைக் காற்று இதமாக இருக்கும், வணிக அளவு காற்றாலைக்கு அது போதாது. என்.எல்.சி.யே சோலாரை நெய்வேலியில் வைத்தாலும், தன் 51 மெகாவாட் காற்றாலைகளை அமைத்தது தெற்கே கழுநீர்குளத்தில்.

எங்கள் ஆலையின் லோட் டேட்டாவை எப்படி எடுப்பது?

உயர் அழுத்த இணைப்பு என்றால் உங்கள் மீட்டரே கால்மணிக்கு ஒரு முறை பதிந்துகொண்டிருக்கிறது. ஒரு நாளுக்கு 96, ஓர் ஆண்டுக்கு 35,040 பதிவுகள். அதை இறக்கித் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள். மாதப் பில்லை முப்பதால் வகுத்துக் கணக்குப் போடாதீர்கள். ஐஸ் ஆலையும் முந்திரி ஆலையும் மாதம் ஒரே அளவு யூனிட் எடுக்கலாம், ஆனால் ஒன்று இரவெல்லாம் ஓடும், மற்றொன்று பகலில் மட்டும் ஓடும். இரண்டுக்கும் ஒரே கலவை பொருந்தாது.

எக்செல் போதாதா?

தொடங்குவதற்கு எக்செல்தான் சரி. 35,040 வரிகள், லோட், சோலார், காற்று, பேட்டரி இருப்பு, இ.பி.யிடம் வாங்கியது என ஐந்து நிரல்கள். ஒரு வார வேலை. அந்த ஒரு வாரத்தில் உங்கள் ஆலையைப் பற்றி நீங்கள் கற்றுக்கொள்வதை எந்த மென்பொருளும் கற்றுத் தராது. லிபரே ஆபீஸிலும் இதையே செய்யலாம்.

எல்லை எங்கே என்றால், "எந்த அளவு மிகச் சிக்கனம்" என்று தானாகத் தேடச் சொல்லும்போதுதான். எக்செலோடு வரும் சால்வர் 200 மாறிகளுக்கு மேல் ஏற்காது. பேட்டரியை ஒவ்வொரு மணிக்கும் எப்படி இயக்குவது என்று கேட்டாலே 8,760 மாறிகள் வந்துவிடும். அப்போதுதான் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும்.

ஹோமர் நல்லது என்கிறார்களே?

ஒரே இடத்தில் சோலார், ஜெனரேட்டர், பேட்டரி எல்லாம் சேர்ந்து இயங்கும் சிறு மின் அமைப்புக்கு (மைக்ரோகிரிட்) மிக நல்லது. கொலராடோவில் உள்ள அமெரிக்க எரிசக்தித் துறை ஆய்வகத்தில் 1990-களில் பிறந்தது, இப்போது யு.எல். நிறுவனத்திடம் இருக்கிறது. பல கலவைகளை ஓட்டி, ஆயுட்காலச் செலவின்படி வரிசைப்படுத்தித் தரும். கற்றுக்கொள்ளவும் எளிது.

கவனிக்க வேண்டியவை இரண்டு. மாதச் சராசரியை மட்டும் கொடுத்தால் மணிக்கணக்கு டேட்டாவை அதுவே செயற்கையாக உருவாக்கிக்கொள்ளும். அதில் நம் புயல் வாரம் இருக்காது, எனவே உண்மையான ஆண்டின் டேட்டாவை நீங்களே ஏற்றுங்கள். இன்னொன்று, "ஆண்டில் எத்தனை சதவீதம் மின்சாரம் பற்றாக்குறை ஆகலாம்" என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதை 5 என்று வைத்தால் செலவு அழகாகக் குறையும்.

கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பக்கம் இறால் பண்ணை வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் மிகக் கவனமாக இருக்க வேண்டும். குளத்து நீரில் காற்றைக் கலக்கும் 2 குதிரைத்திறன் ஏரேட்டர் நாற்பது என்றால் ஏறக்குறைய 60 கிலோவாட். இரவு பத்து மணி நேரத்துக்கு 600 யூனிட். பேட்டரியில் போட்டு எடுக்கும்போது 15 சதவீதம் போகும் என்று வைத்தால் பகலில் 700 யூனிட்டுக்கு மேல் வேண்டும். ஒரு கிலோவாட் சோலார் நாளுக்கு 4 யூனிட் என்றாலும் 175 கிலோவாட் தகடுகள் ஆகின்றன. சரி, போட்டுவிட்டீர்கள். குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவது விடியலுக்கு முன்னால். பேட்டரி தீர்ந்துபோவதும் அதே நேரத்தில்தான். மென்பொருள் அனுமதித்த அந்த 5 சதவீதப் பற்றாக்குறை முழுவதும் விடியற்காலை நான்கு மணியில் வந்து விழும். அதற்கு அது வெறும் சதவீதம், உங்களுக்கு ஒரு பருவத்து இறால். பூஜ்யம் என்றே வையுங்கள், ஜெனரேட்டரையும் விற்காதீர்கள்.

சாம் இலவசமாமே?

ஆமாம், சாம் என்பது மின் உற்பத்தியையும் நிதியையும் சேர்த்துக் கணக்குப் போடும் மென்பொருள், அதே கொலராடோ ஆய்வகத்தின் படைப்பு. மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 2023 இறுதியில் வந்த பதிப்பிலிருந்து சோலார், காற்று, பேட்டரியைச் சேர்த்தும் பார்க்கலாம். தொழில்நுட்பக் கணக்கு உறுதியானது. நிதிக் கணக்கோ அமெரிக்க வரிச் சட்டத்துக்கு எழுதப்பட்டது. அங்குள்ள வரிச் சலுகைகளை அணைத்துவிட்டு, நம் வரிச் சட்டத்தின் 40 சதவீதத் துரிதத் தேய்மானத்தை (கருவியின் விலையை வேகமாகச் செலவில் கழிப்பதை) கையால் போட வேண்டும். அதை மறந்தவர்கள் கொண்டுவந்த அறிக்கைகளில், வராத சலுகை லாபமாகக் கணக்கில் ஏறியிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பி.வி.சிஸ்ட், ரெட்ஸ்கிரீன், விண்ட்ப்ரோ?

பி.வி.சிஸ்ட் சுவிட்சர்லாந்தில் இருந்து வருவது. சோலாருக்கு வங்கிகள் நம்பும் அறிக்கை அதுதான். நிழல், சூடு, கேபிள் இழப்பு வரை போகும். 30 நாள் சோதித்துப் பார்க்கலாம். காற்றாலையைச் சேர்க்க முடியாது. அதன் மணிவாரி உற்பத்தியை எடுத்து உங்கள் தாளில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

கனடா அரசின் ரெட்ஸ்கிரீன் முதல் நாள் பேச்சுக்கு நல்லது, இந்தத் திட்டம் தொடத் தகுந்ததா என்று அரை நாளில் சொல்லும். அதற்கு மேல் வேண்டாம்.

விண்ட்ப்ரோவும் வாஸ்ப்பும் டென்மார்க்கில் பிறந்தவை, காற்றாலையை எங்கே நடுவது என்று தீர்மானிப்பவர்களுக்கானவை. பங்கு வாங்குபவருக்குத் தேவையில்லை. வாங்கும் இடத்தில் அந்த அறிக்கையைக் கேட்டுப் படித்தால் போதும்.

பைப்சா என்றால் என்ன? எங்களால் கையாள முடியுமா?

பைத்தான் மொழியில் எழுதிய, இலவசமான, மூல நிரல் திறந்த கருவி. ஜெர்மனியில் ஆய்வாளர்கள் தொடங்கியது. தென்காசியில் ஒரு முனை, கடலூரில் ஒரு முனை, நடுவில் இழப்புடன் ஒரு கம்பி என்று வரைந்து, ஆண்டு முழுவதற்கும் மிகக் குறைந்த செலவுள்ள கலவையைத் தேடச் சொல்லலாம். உள்ளே கணக்குத் தீர்க்கும் ஹைகிஸ் என்ற கருவியும் இலவசம்தான். நான் பல இடங்களை இணைக்கும் கணக்குக்கு இதைத்தான் எடுக்கிறேன்.

ஆலையில் பைத்தான் தெரிந்த ஒருவர் வேண்டும். புதுச்சேரி, கடலூர் பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்களுக்கு இது நல்ல திட்டப்பணி. ஆலையும் கல்லூரியும் பேசிக்கொண்டால் இரண்டு பக்கமும் பயன்.

ஒரு குறை சொல்லியாக வேண்டும். இது ஆண்டு முழுவதையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு கணக்குப் போடும். நவம்பர் 25 அன்று மழை வரும் என்று 24-ஆம் தேதியே அதற்குத் தெரியும், பேட்டரியை நிரப்பி வைத்துவிடும். உங்கள் ஆலை மேற்பார்வையாளருக்கு அது தெரியாது. ஆகவே பேட்டரி தரும் மிச்சம் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும். இரண்டு இரண்டு நாளாக நகர்த்தி ஓட்டினால் உண்மைக்கு நெருக்கமாக வரும். ஹோமரின் வழக்கமான விதிகளுக்கு நாளை என்ன என்று தெரியாது, இந்த ஒரு விஷயத்தில் அது நேர்மையானது.

கடலூரிலும் புதுச்சேரியிலும் எங்களுக்கு ஆலை இருக்கிறது. இரண்டையும் ஒரே கணக்கு மாதிரியில் (மாடலில்) போடலாமா?

வெயில், மழை இரண்டு ஊருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். எல்லையில் உள்ள முள்ளோடையைத் தாண்டினால் மாறுவது சட்டம். கடலூர் ஆலைக்குத் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். புதுச்சேரிக்கு, கோவாவுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் சேர்த்து அமைந்த இணை ஆணையம். கட்டணம், நெட் மீட்டரிங் (மிஞ்சிய சோலாரை இ.பி.க்குக் கொடுத்துப் பில்லில் கழிப்பது), வீலிங் (இ.பி. கம்பி வழியாக மின்சாரத்தைக் கொண்டுவருவது) எல்லாம் வேறு வேறு. தென்காசிக் காற்று புதுச்சேரி ஆலைக்கு வர வேண்டுமென்றால் அது மாநில எல்லையைத் தாண்டும் மின்சாரம், அதற்கான கட்டணமும் இழப்பும் தனி. மாதிரியில் இரண்டு முனைகளாக, இரண்டு கட்டண அட்டவணையுடன் வையுங்கள்.

வெளியில் உள்ள உற்பத்தியாளரிடமிருந்து பசுமை மின்சாரம் வாங்க வழிசெய்யும் மத்திய அரசின் 2022 பசுமைத் திறந்த அணுகல் விதிகள் 1 மெகாவாட் வரம்பை 100 கிலோவாட்டாகக் குறைத்ததால், நடுத்தர ஆலைகளும் இந்தக் கணக்கைப் போட வேண்டிய இடத்துக்கு வந்திருக்கின்றன.

பில்லில் உள்ளதெல்லாம் மென்பொருளில் வருமா?

தானாக வராது, நீங்கள்தான் ஏற்ற வேண்டும். யூனிட் விலையை மட்டும் போட்டு விட்டுவிடுவது அடிக்கடி நடக்கிறது. உச்ச நேரத்துக்குத் தமிழ்நாட்டில் உயர் அழுத்த இணைப்புள்ள தொழிற்சாலைகளுக்கு 25 சதவீதம் கூடுதல். மாதத்தின் உச்ச லோடுக்கு விதிக்கும் டிமாண்ட் சார்ஜ் தனி. சோலார் பகலில் யூனிட்டைக் குறைத்தாலும், ஏழு மணிக்கு ஒரே கால்மணி லோட் ஏறினால் டிமாண்ட் சார்ஜ் அப்படியே நிற்கும்.

பேங்கிங் இன்னும் பெரிய விஷயம். 2018 மார்ச் வரை இயங்கத் தொடங்கிய காற்றாலைகளுக்கு, காற்றுக் காலத்தில் மிஞ்சியதை இ.பி.யிடம் விட்டுவைத்து ஆண்டுக்குள் திரும்ப எடுக்கும் வசதி இருந்தது. ஜூலைக் காற்றை நவம்பரில் எடுக்கலாம், அந்த ஓட்டையே அடைபட்டுவிடும். பின்னால் வந்தவற்றுக்கு அதே வசதி கிடையாது. எனவே நீங்கள் பங்கு வாங்கும் காற்றாலை எந்த ஆண்டினது என்பது கலவையையே மாற்றும். நடப்பு ஆணையைப் படித்துவிட்டு எண்ணைப் போடுங்கள்.

குழுவாகச் சொந்த உற்பத்தி (பல ஆலைகள் சேர்ந்து ஒரு மின் நிலையத்தில் பங்கு வைப்பது) என்ற பெயரில் வாங்கினால், பயன்படுத்துபவர்களுக்கு 26 சதவீதப் பங்கும், உற்பத்தியில் 51 சதவீதத்தைப் பங்குதாரர்கள் பயன்படுத்துவதும் கட்டாயம். மென்பொருள் "இன்னும் காற்று சேர், மலிவு" என்று சொல்லிக்கொண்டே போகும். அந்த 51-ஐத் தொடாமல் போனால் கூடுதல் கட்டணங்கள் வந்து விழும் என்று அதற்குத் தெரியாது. அதை ஒரு நிபந்தனையாக நீங்களே எழுதி வையுங்கள்.

ஆலோசகர் கொடுத்த அறிக்கையும் நாங்கள் போட்டதும் ஒத்துப்போகவில்லை. யாரை நம்புவது?

முதலில் சோலாரை மட்டும் ஒப்பிடுங்கள். 1 மெகாவாட், 19 சதவீதப் பயன்பாடு (ஆண்டு முழுவதும் முழுத் திறனில் ஓடினால் வருவதில் 19 சதவீதம்) என்றால் ஆண்டுக்கு 16.6 லட்சம் யூனிட். இருவரில் ஒருவர் 20 லட்சம் காட்டினால் அங்கேயே நின்று ஏன் என்று கேளுங்கள். அது ஒத்துப்போனால் காற்று, அப்புறம் பேட்டரி, கடைசியாகக் கட்டணம். மணிவாரிக் கோப்பைத் தர மறுப்பவரின் அறிக்கைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

புயலை எப்படிக் கணக்கில் எடுப்பது?

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையேறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் சாய்ந்தன, பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. எந்த மென்பொருளும் இதைத் தானாக எடுத்துக்கொள்ளாது. ஹோமரில் இ.பி. நின்றுபோகும் நேரங்களைக் கொடுக்க இடம் உண்டு. எக்செலில் நவம்பர் 30 இரவு தொடங்கி 672 வரிகளில், அதாவது ஏழு நாட்களுக்கு, இ.பி. நிரலைப் பூஜ்யமாக்குங்கள். தகடுகள் எல்லாம் தப்பினால் ஓர் ஓட்டம், பாதி போனால் இன்னோர் ஓட்டம்.

அந்த ஏழு நாட்களிலும் சோலார் நிரலில் எண்கள் இருந்தால் இன்வெர்ட்டரின் தகவல் தாளை எடுத்துப் பாருங்கள். சாதாரணக் கூரை இன்வெர்ட்டர், இ.பி. போனால் பாதுகாப்புக்காகத் தானும் நின்றுவிடும், வெயில் அடித்தாலும் ஒரு யூனிட் தராது. உங்களுடையது அந்த வகை என்றால் சோலார் நிரலையும் பூஜ்யமாக்கிவிட்டு, ஜெனரேட்டருக்கு எத்தனை லிட்டர் டீசல் ஆகிறது என்று பாருங்கள்.